மாத வாசிப்பு, எழுத்து இலக்கு: எந்த அலகில் கணக்கு வைப்பது?

நூலிழை

வணக்கம். மாதத்துக்கு 4 நூல், 15,000 சொல் என்று இலக்கு வைத்து கூகுள் ஷீட்ஸில் குறித்துவருகிறேன். சொல் கணக்கில் சிறுகதையும் கட்டுரையும் அடக்கம், நாட்குறிப்பு சேராது. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் ஒன்றரை மணி நேரம், ஞாயிறன்று மூன்று மணி நேரம், வாசிப்பு எழுத்து இரண்டுக்கும் சேர்த்துக் கிடைக்கிறது.

மூன்று இடத்தில் கணக்கு உதைக்கிறது. நூல் எண்ணிக்கை இலக்காக இருப்பதால் 25ஆம் தேதிக்கு மேல் கை தானாக 90 பக்கப் புத்தகத்தைத் தேடுகிறது. தடித்த நாவல் அலமாரியைவிட்டு இறங்குவதே இல்லை. திருத்தும் நாட்களில் சொல் கணக்கு பூஜ்யம், சில நாள் மைனஸ். விட்டுப்போன நாளின் பங்கை மறுநாளில் ஏற்றிக்கொண்டே போனால் 20ஆம் தேதி வாக்கில் நாளுக்கு 1,500 சொல் என்று வந்து நிற்கிறது. அதோடு ஷீட்டைத் திறப்பதும் நின்றுவிடுகிறது.

எந்த அலகில் அளப்பது? ஷீட்டில் என்னென்ன நெடுவரிசை வேண்டும்? மாதக் கடைசியில் எதைப் பார்ப்பது? படிப்பதில் பாதி அச்சு நூல், மீதி மின்னூல், கொஞ்சம் ஒலிநூல்.

தாள்கட்டு

அலகு பிறகு. முதலில் இலக்கு கையிருப்புக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். நீங்கள் சொன்ன மூன்று சிக்கலில் மூன்றாவது முழுக்க இதிலிருந்து வருவதுதான்.

மாதத்தில் ஞாயிறு 4, மற்ற நாள் 26 என்று வைத்தால் 39 + 12 = 51 மணி நேரம். இதில் ஐந்தில் ஒரு பங்கு எப்படியும் கைநழுவும்: உடம்புக்கு முடியாத நாள், வெளியூர்ப் பயணம், வீட்டு வேலை. அதைக் கழித்தால் மிஞ்சுவது 41 மணி. திட்டம் போடவேண்டியது இந்த 41க்குத்தான், 51க்கு அல்ல.

இனி செலவு. உங்கள் வேகத்தை நீங்கள்தான் அளக்கவேண்டும். மூன்று வெவ்வேறு நாளில் 20 நிமிடம் டைமர் வைத்து, வழக்கமான வேகத்தில் படியுங்கள். பக்கத்தை மூன்றால் பெருக்கினால் மணிக்கு எத்தனை என்று வரும். மூன்று எண்ணில் நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுத்தால் ஒரு நல்ல நாள் கணக்கைத் தூக்கிவிடும். எழுத்துக்கும் இதே முறைதான், ஆனால் 20 நிமிடம் போதாது, 40 வையுங்கள். முதல் பத்து நிமிடம் விட்ட இடத்தைப் பிடிப்பதிலேயே போய்விடும்; அதுவும் எழுதும் நேரத்தில் சேர்த்திதான்.

எடுத்துக்காட்டுக்கு நாவல் மணிக்கு 30 பக்கம், முதல் வரைவு மணிக்கு 350 சொல் என்று வைத்துக்கொள்வோம். 250 பக்க நூல் நான்கு என்றால் 1,000 பக்கம், 33 மணிக்குச் சற்று மேல். 15,000 சொல்லுக்கு ஏறத்தாழ 43 மணி. மொத்தம் 76. கையில் இருப்பதோ 41. திருத்தத்துக்கு இன்னும் ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இந்த இலக்கு முதல் தேதியன்றே உடைந்த இலக்கு. 20ஆம் தேதி அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். இதைச் சோம்பலென்றோ ஒழுக்கக் குறையென்றோ எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். அப்படி எடுத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

அதே 41 மணியை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: வாசிப்பு 17 மணி (ஏறத்தாழ 500 பக்கம்), முதல் வரைவு 16 மணி (5,600 சொல்), திருத்தம் 8 மணி. வாசிப்பு கூடவேண்டும் என்றால் எழுத்திலிருந்து எடுங்கள். எங்கிருந்து எடுக்கிறோம் என்று தெரிந்து எடுப்பதுதான் முக்கியம்.

விட்டுப்போன பங்கை மறுநாள் தலையில் ஏற்றாதீர்கள். ஞாயிறுதோறும் ஒரே ஒரு வகுத்தல்: இலக்கில் இதுவரை முடித்ததைக் கழித்து, மீதமுள்ள எழுதும் நாட்களால் வகுக்கவும். 5,600 சொல், எழுதும் நாள் 22 என்றால் தொடக்கத்தில் நாளுக்கு 255. எட்டு நாள் கழிந்து 1,400 சொல்தான் ஆகியிருக்கிறது என்றால் மீதி 4,200ஐ 14ஆல் வகுங்கள்: நாளுக்கு 300. தாங்கக்கூடியதுதான், தொடரலாம். 16 நாள் கழிந்து 2,000தான் ஆகியிருந்தால் மீதி 3,600ஐ 6ஆல் வகுக்க நாளுக்கு 600. இது தொடக்க அளவின் இரண்டு மடங்குக்கும் மேல். இங்கே ஒரு எல்லை வேண்டும்: புதிய நாளளவு பழையதின் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் நாளளவை அந்த ஒன்றரை மடங்கிலேயே நிறுத்தி, மாத இலக்கைக் குறையுங்கள். ஒன்றரை மடங்கு 382. ஆறு நாளுக்கு 2,292. ஆக மாத இலக்கு 4,300. அந்த எண்ணைத் தேதியோடு எழுதிவையுங்கள், பழைய எண்ணை அழிக்காதீர்கள். மாதக் கடைசியில் அந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும்.

ஒற்றெழுத்து

தாள்கட்டு சொன்னது சரி. சொல் எண்ணிக்கை பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் தமிழில் அது பலரையும் தவறான இடத்துக்கு இழுத்துப்போகிறது.

ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதும் சவால் 1999இல் தொடங்கி, மறு ஆண்டிலிருந்து நவம்பர் மாதச் சவாலாகி உலகம் முழுக்கப் பரவியது. அதை 30 நாளால் வகுத்த 1,667 என்ற எண்ணைத்தான் பலர் நாளளவாக இன்றும் எடுத்துக்கொள்கிறார்கள். அது ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு. நம் மொழியில் வேற்றுமை உருபு, எதிர்மறை, துணைவினை எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ‘நான் அவனை வீட்டில் பார்க்கவில்லை’ நான்கு சொல். இதே செய்தி ஆங்கிலத்தில் ஏழு சொல்லாகும். எனவே ஆங்கிலக் கணக்கில் இலக்கு வைத்து, எட்டவில்லை என்று வருந்துவது வீண். உங்கள் மணி வேகத்தை அளந்து அதிலிருந்து போடுங்கள்.

அடுத்தது இடைவெளி. வேர்ட், லிப்ரெஆபிஸ், கூகுள் டாக்ஸ் எதுவானாலும் இரண்டு இடைவெளிக்கு நடுவே இருப்பதை ஒரு சொல்லாக எண்ணும். ‘செய்துகொண்டிருந்தான்’ ஒன்று; ‘செய்து கொண்டிருந்தான்’ இரண்டு. ‘வரவேண்டும்’, ‘வர வேண்டும்’ இதே கதை. எது சரி என்ற விவாதத்தை இங்கே திறக்கவில்லை. ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். பாதி மாதத்தில் பிரித்தெழுதும் பழக்கத்துக்கு மாறினால் ஒரு வரிகூடக் கூடுதலாக எழுதாமலே கணக்கு ஏறும்.

எழுத்து எண்ணிக்கை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ‘தமிழ்’ என்ற சொல்லை ஒரு செல்லில் அடித்து நீளம் கேட்டால் ஷீட் 5 என்று சொல்லும். நாம் எண்ணுவது த, மி, ழ் என மூன்று. யூனிகோடில் ‘மி’யின் இகரக் குறியும் ‘ழ்’ மேல் இருக்கும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், அதனால்தான்.

கூகுள் டாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சொல் எண்ணிக்கை வரும். ஒரு பகுதியை மட்டும் தேர்ந்துவிட்டு அழுத்தினால் அந்தப் பகுதிக்கு மட்டும் தனியாகக் காட்டும். உட்காரும்போது ஒரு எண், எழும்போது ஒரு எண் குறித்துக் கழித்துக்கொள்ளுங்கள். ‘இன்று எவ்வளவு எழுதினேன்’ என்று கண்ணால் மதிப்பிட்டால் கடினமான நாளில் குறைத்தும் சுலபமான நாளில் கூட்டியும்தான் வரும்.

கையால் எழுதுகிறவர்கள் நோட்டில் நிறைந்த ஐந்து வரியைத் தேர்ந்து, சொற்களை எண்ணி ஐந்தால் வகுத்து, பக்கத்து வரிகளால் பெருக்கவும். வரிக்கு 6 சொல், பக்கத்துக்கு 24 வரி என்றால் 144. பத்தி முடியும் அரை வரிகளுக்காகப் பத்தில் ஒன்றைக் கழித்து 130 என்று வைத்துக்கொண்டால் போதும். உரையாடல் நிறைந்த கதையில் அரை வரி கூடுதலாக வரும், அதற்குத் தனியாக ஒரு பக்கம் எண்ணிப்பார்ப்பது நல்லது.

கோடிட்ட நோட்டு

ஷீட் வேண்டாம் என்பவர்களுக்குத் தாளில் இதைவிட எளிது. நோட்டில் எதிரெதிர் இரண்டு பக்கம். இடது பக்கத்தில் 31 வரி, நான்கு நெடுவரிசை: வாசித்த நிமிடம், பக்கம், புதிய சொல், திருத்தம். ஏழாம் வரிக்கு ஒருமுறை அழுத்தமாக ஒரு கோடு, அதன்மேல் வாரக் கூட்டல். வலது பக்கம் காலி; அந்த வாரம் ஏன் குறைந்தது, ஏன் கூடியது என்று வாரத்துக்கு ஒரே ஒரு வரி. நான்கு நெடுவரிசைக்கு மேல் போகாதீர்கள். தண்ணீர், தூக்கம், நடை என்று எட்டு பத்து கட்டம் போட்டு வண்ணம் தீட்டத் தொடங்கினால் இரண்டாம் வாரத்தில் நிரப்புவதே ஒரு வேலையாகி, அது போகும்போது வாசிப்புக் கணக்கையும் சேர்த்துக்கொண்டு போகும்.

வாரக் கணக்கை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாள் மிகச் சிறிய அளவு, ஒரு தலைவலியில் போய்விடும். மாதம் மிகப் பெரிய அளவு, தவறு தெரியவரும்போது திருத்த நாள் இருக்காது. விக்டோரியா கால நாவலாசிரியர் ஆந்தனி டிராலப் ஒவ்வொரு புதிய நாவலுக்கும் வாரங்களாகப் பிரித்த ஒரு நாட்குறிப்பு தயாரித்து, அன்றன்று எழுதிய பக்கத்தைக் குறித்துவந்தார். பக்கத்துக்கு 250 சொல் என்று அளவு. வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கம். சில காலம் 20ஆக இறக்கினார், ஒருமுறை 112வரை ஏற்றினார். அவர் இறந்தபின் 1883இல் வெளியான தன்வரலாற்றில் இதை அவரே விளக்கியிருக்கிறார். நாம் கவனிக்கவேண்டியது 40 என்ற எண்ணை அல்ல, 20க்கும் 112க்கும் நடுவே இருக்கும் தூரத்தை. வேலைக்குத் தகுந்தபடி வாரப் பங்கை மாற்றியிருக்கிறார். ஆனால் குறிப்பதை நிறுத்தவில்லை. அன்றைய எழுத்தைத் தொடங்கும் முன் முந்தைய நாள் எழுதியதை அரை மணி நேரம் படிப்பதும் அவர் வழக்கம். அந்த அரை மணியை எழுதும் நேரமாகவே கணக்கில் எடுங்கள், வாசிப்பில் சேர்க்காதீர்கள்.

நூலிழை

எல்லாருக்கும் நன்றி. 51, 41, 76 கணக்கைப் பார்த்ததும் பாதி தெளிந்துவிட்டது. இன்னும் இரண்டு: திருத்தத்தை நிமிடத்தில் அளந்தால் போதுமா? மின்னூலில் எழுத்தளவை மாற்றினால் பக்க எண் மாறிவிடுகிறதே, அதையும் ஒலிநூலையும் அச்சு நூலோடு எப்படிச் சேர்ப்பது?

ஒற்றெழுத்து

நிமிடம் மட்டும் போதாது. ஒரே முதல் பத்தியை மூன்று மணி நேரம் தடவிக்கொண்டிருந்தாலும் நிமிடக் கணக்கு நிறைந்துவிடும். திருத்தத்தில் பெரும்பாலும் நடப்பதும் அதுதான்: தொடக்கம் பளபளக்கும், கடைசி இரண்டு பக்கம் முதல் வரைவாகவே கிடக்கும்.

கட்டம் போடுங்கள். 2,000 சொல் கதையை 250 சொல் வீதம் 8 பக்கமாகப் பிரியுங்கள். பக்கங்கள் குறுக்கே, சுற்றுகள் நெடுக்கே. நான்கு சுற்று, ஆக 32 கட்டம். முதல் சுற்றில் காட்சிகள் மட்டும்: எது எங்கே நிற்கிறது, எது இல்லாமலே கதை நகரும். இரண்டாவதில் பத்திகள். மூன்றாவதில் வாக்கியங்கள், வாய்விட்டுப் படித்து. மூச்சு முட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, அங்கேயே நின்று திருத்தக்கூடாது, பக்கம் முடிந்த பிறகுதான். நான்காவதில் ஒற்றுப்பிழை, ல ள ழ, ர ற, ந ன ண, பெயர்களின் ஒருமை. ‘கதிரேசன்’ ஐந்தாம் பக்கத்தில் ‘கதிர்வேல்’ ஆகியிருப்பது இந்தச் சுற்றில்தான் அகப்படும்.

தாள்கட்டு ஒதுக்கிய 8 மணியை 32 கட்டத்துக்குப் பிரித்தால் கட்டத்துக்கு 15 நிமிடம் வருகிறது. முதல் சுற்று இதைவிடச் சீக்கிரம் முடியும், மூன்றாவது இழுக்கும். ஒரு கட்டம் 40 நிமிடத்தைத் தாண்டினால் அந்தப் பக்கத்தில் இருப்பது வாக்கியக் கோளாறு அல்ல, காட்சியே சரியில்லை என்று பொருள். மேலே ஒரு கேள்விக்குறி போட்டு முதல் சுற்றுக்கு அனுப்புங்கள். சுற்றுகளின் வரிசையை மாற்றவேண்டாம். ஒற்றுப்பிழை பார்த்து முடித்த பத்தியை வெட்டவேண்டி வந்தால் கை வராது.

மைனஸ் பிரச்சினைக்கு இதிலேயே விடை இருக்கிறது. புதிய சொல் ஒரு நெடுவரிசை, திருத்தக் கட்டம் வேறொரு நெடுவரிசை, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பதே இல்லை. வரைவு எழுதும்போதே எதையாவது வெட்டினால் அழிக்காமல் கோப்பின் அடியில் ‘வெட்டியவை’ என்று தலைப்பிட்டு அங்கே ஒட்டுங்கள். மொத்தச் சொல் எண்ணிக்கை குறையாது, அன்றைய உழைப்பும் கணக்கில் இருக்கும். வெட்டியதில் ஒரு நல்ல வரி வேறொரு கதைக்குத் தேறுவதும் உண்டு.

பக்கக்குறி

மின்னூல், ஒலிநூல் கேள்விக்கு.

மின்னூலில் திரையில் தெரியும் பக்க எண்ணை விட்டுவிடுங்கள், சதவீதத்தை எடுங்கள். அச்சுப் பதிப்பு 320 பக்கம், இன்று 40இலிருந்து 52 சதவீதம் படித்தீர்கள் என்றால் 12 சதவீதம், அதாவது 38 பக்கம். ஒரு எச்சரிக்கை: கட்டுரை நூல்களில் பின்குறிப்பும் பெயரடைவும் பின்னால் நீளமாக இருக்கும். உரை 88 சதவீதத்திலேயே முடிந்துவிடலாம். நூலைத் தொடங்கும் நாளிலேயே பொருளடக்கத்தில் கடைசி அத்தியாயத்தின் முடிவுக்குத் தாவி அந்த எண்ணைப் பார்த்துக் குறித்துவைத்தால், 88ஐ முழுமை என்று கொள்ளலாம். அச்சுப் பதிப்பே இல்லாத மின்னூலுக்கு நிமிடத்தை உங்கள் மணி வேகத்தால் பெருக்கி 60ஆல் வகுங்கள்.

ஒலிநூலைப் பக்கமாக மாற்றவேண்டாம். 10 மணி நேர நூலை 1.25 வேகத்தில் கேட்டால் 8 மணி நேரத்தில் முடியும். குறிக்கவேண்டியது நீங்கள் கேட்ட 8 மணி. பாத்திரம் கழுவும்போதோ நடக்கும்போதோ கேட்கிறீர்கள் என்றால் அது அந்த 41 மணியில் வராது, ஆகவே 17 மணி வாசிப்பிலும் வராது. தனி நெடுவரிசையில் வையுங்கள். இரண்டையும் கலந்தால் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பது சுருங்கிவருவது கண்ணில் படாமல் போய்விடும்.

கவிதைக்கும் பழைய இலக்கியத்துக்கும் பக்கக் கணக்கு பொருந்தாது. குறளை உரையோடு படிக்கிறீர்கள் என்றால் அதிகாரம்தான் அலகு: 133 அதிகாரம், நாளுக்கு ஒன்று என்றால் ஏறத்தாழ நாலரை மாதம். அதை மாதப் பக்க இலக்குக்குள் திணிக்காமல் 15 நிமிடப் பங்காகத் தனியே ஓடவிடுங்கள்.

படித்த நூல்களைப் பதிந்துவைக்கும் செயலி பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்பார்கள். குட்ரீட்ஸின் சவால் ஆண்டுக் கணக்கு, அதுவும் நூல் எண்ணிக்கை. ஆகவே உங்கள் முதல் சிக்கலை அது தீர்க்காது. ஸ்டோரிகிராஃபில் பக்கத்துக்கும் மணிக்கும் இலக்கு வைக்கலாம். எதுவானாலும் தமிழ் நூல்களுக்குப் பக்க எண்ணிக்கை விடுபட்டோ வேறு பதிப்பின் எண்ணோடோ இருக்கும். கையில் இருக்கும் நூலைப் பார்த்துத் திருத்துங்கள். குட்ரீட்ஸிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) எக்செலில் இரண்டு சொடுக்கில் திறந்தால் தமிழ்த் தலைப்புகள் புரியாத குறிகளாகத் தெரியலாம். கோப்பு கெடவில்லை. காலி ஷீட் திறந்து, டேட்டா மெனு வழியாக அந்தக் கோப்பை உள்ளே எடுத்து, குறியாக்கத்தில் யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தால் சரியாக வரும்.

தாள்கட்டு

வாசிப்பில் நிமிடமா பக்கமா என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு: இரண்டும் வேண்டும், ஆனால் இலக்கு நிமிடத்தில்தான். பக்கத்தை இலக்காக்கினால் சுலபமான நூல் பக்கம் சாய்வோம். நூல் எண்ணிக்கையில் நடந்த அதே கோளாறு கொஞ்சம் மெதுவாக நடக்கும். நிமிட இலக்கில் தடித்த நூலுக்கும் மெல்லிய நூலுக்கும் ஒரே மதிப்பு. நாளுக்கு 20 நிமிடம், 25 நாள் என்றால் 500 நிமிடம். மணிக்கு 30 பக்க வேகத்தில் அது சரியாக 250 பக்க நூல் ஒன்று. அலமாரியில் இருக்கும் தடித்த நாவல் 750 பக்கம் என்றால் இந்த 20 நிமிடப் பங்கிலேயே மூன்று மாதத்தில் முடியும், மற்ற வாசிப்பைத் தொடாமல்.

பக்கம் எதற்கு? நிமிடத்தைச் சரிபார்க்க. நூலைத் திறந்துவைத்துக்கொண்டு போனில் கழித்த நேரமும் டைமரில் வாசிப்பாகத்தான் ஏறும். மணிக்கு 30 பக்கம் போன நாவலில் திடீரென்று 14 என்று வந்தால் இரண்டிலொன்று: நூல் அடர்த்தியான பகுதிக்கு வந்திருக்கிறது, அல்லது கவனம் வேறெங்கோ. எது என்று கண்டுபிடிப்பது எளிது. அன்று படித்ததிலிருந்து இரண்டு வரி எழுத வருகிறதா பாருங்கள். வந்தால் நூல் கனமானது, மெதுவாகவே போங்கள். வராவிட்டால் அன்றைய நிமிடக் கணக்கை அழித்துவிட்டு மறுநாள் அதே பக்கத்திலிருந்து.

பாதியில் விட்ட நூலின் பக்கங்களும் கணக்கில் வரவேண்டும். இல்லையென்றால் பிடிக்காத நூலை எண்ணிக்கைக்காக இழுத்துக்கொண்டிருப்போம். 50 பக்கம் அல்லது நூலில் ஐந்தில் ஒரு பங்கு, எது குறைவோ அதுவரை படித்துவிட்டு முடிவெடுங்கள். விடுவதானால் ஏன் என்று அரை வரி. மறுவாசிப்பும் முழுக் கணக்கு. ஒரு மாதத்தில் தொடங்கி அடுத்த மாதத்தில் முடிந்த நூலை எந்த மாதத்தில் சேர்ப்பது என்ற குழப்பமே நிமிடக் கணக்கில் வராது.

மாதக் கடைசியில் 20 நிமிடம். திட்டமிட்ட மணி, நடந்த மணி. நடந்ததைத் திட்டத்தால் வகுங்கள். 41க்கு 33 நடந்தது என்றால் 0.8. அடுத்த மாதத்தை 33க்குப் போடுங்கள், 41க்கு அல்ல. இரண்டு மாதம் தொடர்ந்து 33ஐத் தொட்டால் மூன்றாவதில் இரண்டு மணி ஏற்றுங்கள். பிறகு வாரக் குறிப்புகளைப் படியுங்கள். ‘இரவு பத்துக்கு மேல் உட்கார்ந்தேன், 90 சொல்’ என்று மூன்று வாரம் வந்திருந்தால் மாற்றவேண்டியது இலக்கு அல்ல, நேரம். இரவை வாசிப்புக்கு விட்டுவிட்டு எழுத்தைக் காலைக்கு மாற்றிப்பாருங்கள்.

கோடிட்ட நோட்டு

தாள்கட்டு சொன்ன அந்த இரண்டு வரியை வீணாக்காதீர்கள். நூல் முடிந்த மறுநாளுக்குள் மூன்று குறிப்பு எழுதினால் போதும்: திரும்பப் பார்க்கவேண்டிய பக்க எண் ஒன்று, அந்த ஆசிரியர் ஒரு இடத்தைச் செய்த விதம் ஒன்று (காலத்தை எப்படித் தாண்டினார், உரையாடலை எங்கே வெட்டினார்), உங்களுக்கு எழுந்த கேள்வி ஒன்று. வாரம் போனால் கதைச்சுருக்கம் மட்டும்தான் நினைவில் நிற்கும், அது எழுத்துக்கு உதவாது. வரைவு எழுத உட்காரும் முன் கடைசி நான்கைந்து குறிப்பைப் புரட்டினால் வாசிப்பும் எழுத்தும் தனித்தனிக் கணக்காகவே நின்றுவிடாது.

நூலிழை

எல்லாவற்றையும் சேர்த்து இப்படி வைத்திருக்கிறேன், சரியா பாருங்கள். ஒரு அமர்வுக்கு ஒரு வரி. நெடுவரிசைகள்: தேதி, வகை (வாசிப்பு, வரைவு, திருத்தம், ஒலி), நூல் அல்லது படைப்பு, தொடக்க எண், முடிவு எண், நிமிடம், குறிப்பு. தொடக்க, முடிவு எண் வாசிப்பில் பக்கம், வரைவில் சொல் எண்ணிக்கை, திருத்தத்தில் முடித்த கட்டம். கூட்டலுக்குத் தனித் தாளில் பிவட் டேபிள்: வகை நெடுக்கே, மாதம் குறுக்கே, நடுவில் நிமிடத்தின் கூட்டல்.

பக்கக்குறி

நன்றாக இருக்கிறது. இரண்டு இடத்தில் உடையும், இப்போதே அடைத்துவிடுங்கள்.

ஒன்று தேதி. ஷீட்டின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் ஜூன் 3ஐ 3/6/2025 என்று அடிக்கும்போது அது மார்ச் 6 ஆகிவிடும். 12ஆம் தேதிவரை தவறு தெரியாது, மாதக் கூட்டல் மட்டும் எங்கெங்கோ சிதறும். 13/6/2025 அடிக்கும்போதுதான் அது தேதியாகாமல் வெறும் எழுத்தாகச் செல்லின் இடது ஓரம் ஒட்டி நிற்கும். உண்மையான தேதி வலது ஓரம் நிற்கும். ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் திறந்து வட்டாரத்தை மாற்றுங்கள். ஏற்கெனவே தவறாகப் பதிவானவை அதனால் தானாகத் திரும்பாது, கையால் திருத்தவேண்டும். 3.6 என்று புள்ளி வைத்தும் அடிக்காதீர்கள், அது எண்ணாகிவிடக்கூடும்.

இன்னொன்று வகை நெடுவரிசை. ஒரு நாள் ‘திருத்தம்’, ஒரு நாள் பின்னால் ஒரு இடைவெளியோடு ‘திருத்தம் ’, ஒரு நாள் அவசரத்தில் ‘திருத்தல்’ என்று அடித்தால் பிவட் டேபிள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகளாகப் பிரித்துக் காட்டலாம். டேட்டா மெனுவில் கீழ்விரி பட்டியல் போட்டு நான்கு சொல்லையும் அதற்குள் வைத்துவிடுங்கள், நூல் பெயர்களுக்கும் அப்படியே. புது நூல் தொடங்கும் நாளில் பட்டியலில் சேர்க்கும்போதே மொத்தப் பக்கத்தையும், மின்னூல் என்றால் உரை முடியும் சதவீதத்தையும் பக்கத்துச் செல்லில் குறித்துவிடலாம்.